கம்ப்ரசர் வீட்டு ஈர வாசல்

இந்தப் பூமிக்கு வலி இருந்து, அதைச் சொல்ல ஒரு வாயும் இருந்திருந்தால், அது முதலில் பெயர் சொல்லித் திட்டியிருக்கக்கூடிய மனிதர் எங்கள் வீதிக் கம்ப்ரசர்தான். ராஜஸ்தான் மணல், ராயலசீமைக் கரும்பாறை, சத்தீஸ்கர் செம்மண் என்று அவர் துளைக்காமல் விட்ட நிலம் கிடையாது. அவர் போட்ட ஓட்டைகளையெல்லாம் பிடுங்கி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் நிலாவைத் தாண்டிப் போகும் என்பது எங்கள் வீதியின் கணக்கு. ஓட்டையை எப்படிப் பிடுங்குவது என்று கேட்கிறவர்கள் எங்கள் வீதிக்குக் குடிவரத் தகுதி இல்லாதவர்கள்.

திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியில் போனவர், போகிறவர், அல்லது போய்த் திரும்பாதவர். போர்வெல் போட எப்போதும் இரண்டு லாரிகள் சேர்ந்து போகும். ஒன்று துளைக்கிற ரிக். மற்றது காற்றை அமுக்கிக் குழாய்க்குள் அனுப்புகிற கம்ப்ரசர். அந்த இரண்டாவது லாரியின் பக்கத்தில் நின்றே ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். அதில் காது போனது. காது போனதும் குரல் வளர்ந்தது. ஊர் முழுக்கக் கேட்ட பிறகும் அவருக்குக் கேட்காத குரல். லாரியின் பெயர் மனிதருக்கு வந்து சேர்ந்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குள்ளேயே இருந்து செத்துப்போனது.

அவரால் கிசுகிசுக்க முடியாது. ஒரு துக்க வீட்டில் எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது, என் காதோரம் சாய்ந்து ரகசியமாக ஒன்று சொன்னார். "மனுசன் உசுரோட இருந்தவரைக்கும் ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்ததில்லீங்க. இன்னைக்குத்தான் இவரு ஊட்டுல குடிக்கறேன்." ஒப்பாரி நின்றுவிட்டது. இறந்தவரின் சம்சாரம் மட்டும் முந்தானைக்குள் இருந்து, "அது நெசந்தானுங்க," என்றார்.

மருந்துக்கடையில் அவர் மூலத்துக்கு மருந்து கேட்ட மறுநாள், பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா வரைக்கும் "இப்பத் தேவலைங்களா?" என்று விசாரித்தார்கள். கம்ப்ரசர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊரே நம்மளைக் கவனிக்குது பாருங்க!" என்று பூரித்துப்போனார்.

ரகசியம் தங்காத இந்த மனிதர் ஒரே ஒரு உண்மையைத் தொண்டை கிழியச் சொன்னார். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. நம்பியிருந்தால் எங்கள் வீதிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கும்.

அடுத்தடுத்து மழை ஏமாற்றிய காலம் அது. பாலத்தில் நின்று பார்த்தால் காவிரி, சட்டையைக் கழற்றிய நோயாளி மாதிரி விலா விலாவாகப் பாறை தெரியக் கிடந்தது. வெயில் வீதிக்குள் வந்து வாடகை இல்லாமல் தங்கிவிட்டது. நாய்கள் சாக்கடையில் படுக்கப் போய், சாக்கடையும் காய்ந்திருப்பதைக் கண்டு, அவமானப்பட்ட முகத்தோடு திரும்பி வந்தன. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு காற்று வரும். கர்ரென்று யாரோ தொண்டையைச் செருமுவது போல. அந்தச் செருமலுக்கே குடங்கள் எழுந்து ஓடின. பிறகு பல நாட்களில் அந்தச் செருமலும் இல்லை.

அப்போதுதான் ஊருக்குள் சென்சார் வந்தது. ஒவ்வொரு வீட்டுக் குழாயோடும் சேர்த்து, வாசல் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு தண்ணீர். பங்குக்குள் இருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு. தீரப்போகிறதென்றால் மஞ்சள். தீர்ந்தால் சிவப்பு, சிவந்ததும் உள்ளே இருக்கிற வால்வு தானாக மூடிக்கொள்ளும், அடுத்த முறை தண்ணீர் விடும்வரை என்ன கெஞ்சினாலும் திறக்காது. ஆபீசில் ஒரு திரை. ஊரின் தாகம் முழுவதும் அதில் கோடு கோடாக ஓடும்.

வீதி முனையில் ஒரு பொதுப் போர்வெல் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் எங்கள் உயிர் அதில்தான். அதற்குள்ளும் ஒயரில் கட்டி ஒரு சென்சாரை இறக்கினார்கள். கீழே எந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வந்தவள் ஓர் இளம் இஞ்சினியர். ஸ்கூட்டர், முதுகில் பை, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. வீதி அவளுக்கு சென்சார் அம்மணி என்று பெயர் வைத்தது.

பெட்டி வந்தபிறகு வீதியின் மானம் மரியாதையே விளக்கில்தான் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் பெட்டியைப் பார்த்தார்கள். சிவப்பு எரிகிற வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனார்கள். கம்ப்ரசர் வீட்டுக்கு அடுத்த வீடு டயர்க்காரர் வீடு. லாரி டயர்க்கடை வைத்திருப்பவர். தலைக் கணக்கு எடுக்க அம்மணி வந்தபோது, செத்துப்போன அப்பாவையும் சேர்த்துச் சொன்னார்.

"எங்கீங்க அவரு?"

"உள்ள இருக்கறாருங்க. படத்துல."

"படத்துக்குத் தண்ணி எதுக்குங்க?"

"தெவசத்துக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்க ஓணாமுங்களா? அதுக்கு உங்க கம்ப்யூட்டரு தருமா?"

அம்மணி கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். படம் அவளைப் பார்த்தது. எழுதிக்கொண்டு போய்விட்டாள். இந்த ஊரில் ஒரு படத்துக்குத் தண்ணீர்ப் பங்கு உண்டென்றால் அது டயர்க்காரர் வீட்டுப் படத்துக்குத்தான்.

இந்த விளக்கு ராஜ்ஜியத்தின் நடுவில் கம்ப்ரசரின் சம்சாரம் பாவாயக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

வாசல் தெளிப்பது குற்றமில்லை. நாங்களும் விடியற்காலையில் ஒருமுறை, மனசு கேட்காமல், செம்புக்குள் விரலை நனைத்து நான்கு சொட்டு உதறிக்கொண்டுதான் இருந்தோம். பாவாயக்கா வாளியோடு வருவார். கை நிறைய அள்ளி, சலக் சலக்கென்று வீசி, மண் கருக்கும்வரை தெளிப்பார். கோலமாவை எடுத்து ஒரு கோலம் இழுப்பார். உள்ளே போவார். போனதும் மறந்துவிடும். அதற்குள் வெயில் வாசலை நக்கித் துடைத்திருக்கும். மறுபடியும் வெளியே வந்து திடுக்கிடுவார்.

"அய்யோ, இன்னும் வாசத் தொளிக்கலையே! வண்டி வந்துருமே!"

எந்த வண்டி? கம்ப்ரசர் போன வண்டி. மறதி நோய் பாவாயக்காவை இன்றைய நாளில் இருந்து பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே போய், கம்ப்ரசர் வெளிமாநிலத்தில் இருந்த ஏதோ ஒரு வருஷத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அங்கே எப்போதும் ஒரே நாள்தான். அந்த நாளில்தான் புருஷன் திரும்பி வருகிறார். வருகிறவர் காய்ந்த வாசலை மிதித்துக்கொண்டா உள்ளே வருவார்? பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கிழவர் யாரென்று அக்காவுக்குத் தெரியாது. நல்ல மனுசர். கொஞ்சம் கத்திப் பேசுகிறார். அவ்வளவுதான்.

"ஏனுங் பெரியவரே, சித்த நகருங்க. எங்கூட்டுக்காரரு வார நேரம்."

"வரட்டும் சாமி, வரட்டும்! நல்லாத் தொளி!"

மற்ற வீடுகளில் காப்பி கொதிப்பதற்குள் கம்ப்ரசர் வீட்டுப் பெட்டி சிவந்துவிடும். அதற்குப் பிறகு குடிக்க, சமைக்க, கழுவ எதற்கும் தண்ணீர் இல்லை. கம்ப்ரசர் உதடு வெடித்துப்போய், ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு, எதிர்வீட்டு மாடியில் இருக்கிற எங்கள் படி ஏறுவார். வாங்கிய தண்ணீரில் முதல் வாய் பாவாயக்காவுக்கு. இரண்டாம் வாயும் பாவாயக்காவுக்கு.

டயர்க்காரர் வீதியில் நின்று பேசினார். "குடிக்கத் தண்ணியில்லாம ஊரு சாவுது. இங்க ஒரு ஊட்டுல வாசலுக்குக் குளிப்பாட்டிச் சீராட்டறாங்க!"

"அந்த வாளியை எங்காச்சும் ஒளிச்சு வெச்சிருங்களேன்," என்று நானும் கம்ப்ரசரிடம் சொல்லிப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். குரலை அவராகத் தாழ்த்திக்கொண்டதாக நினைத்துக்கொண்டு சொன்னார்; எதிர்ச்சாரியில் ஜன்னல்கள் திறந்துகொண்டன.

"அவளுக்கு எல்லாம் போச்சுங்க. புள்ளை பேரு போச்சு. என்ற மூஞ்சி போச்சு. நான் வாரேங்கறது ஒண்ணுதான் பாக்கி நிக்குது. வாளியைப் புடுங்குனா, வர மாட்டான்னு ஆயிருமுங்க. அப்பறம் அவ எதைப் புடுச்சுட்டு நிப்பா?"

ஜன்னல்கள் மூடிக்கொண்டன. பெட்டி மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைக்கு இத்தனை என்றுதான் தெரியும்.

முதலில் அவர் வெறும் வாளியைக் கொடுத்துப் பார்த்தார். பாவாயக்கா வெறுங்கையை வீசினார். மண் கருக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "பெரியவரே, உங்க வாளி கெட்டுப்போச்சாட்ட இருக்குது. தண்ணியே உழுக மாட்டீங்குது," என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கம்ப்ரசர் உள்ளே ஓடி, குடிக்க வைத்திருந்த கடைசிச் செம்பை எடுத்து வந்து வாளியில் ஊற்றினார்.

மறுநாள் காலையில் அவர் வாசலை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் சரிவாக. சரிவு முடிகிற மூலையில் பாதியாக அறுத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் புதைத்தார். ரிக் லாரியில் மூடுகிற பழைய தார்ப்பாய் ஒன்றை, சுருக்கம் இல்லாமல், மேலே இழுத்துக் கட்டினார். அதன்மேல் செம்மண் நிறப் பெயிண்டில் ஒரு பூச்சு. தூரத்தில் இருந்து பார்த்தால் வாசல் மாதிரியே இருந்தது. பாவாயக்கா தெளித்த தண்ணீர் தார்ப்பாயில் வழுக்கி, சரிவில் ஓடி, டிரம்முக்குள் சேர்ந்தது. அக்கா உள்ளே போனதும் கம்ப்ரசர் அதை மொண்டு மறுபடியும் வாளியில் ஊற்றினார். அக்கா வந்தார், திடுக்கிட்டார், தெளித்தார், போனார். இவர் மொண்டார். வெயில் குடித்ததுபோக, ஒரு வாளித் தண்ணீர் பொழுது சாயும்வரை அந்த வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தது. செக்கு மாடு மாதிரி. எங்கள் ஊர்க் காவிரி மாதிரி இல்லாமல், போன தண்ணீர் திரும்பி வந்தது.

கம்ப்ரசர் வீட்டுப் பெட்டி பச்சையானது. பச்சையென்றால் ஊரிலேயே இல்லாத பச்சை. ஆபீஸ் திரையில் அவர் வீட்டுக் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டதாக சென்சார் அம்மணி என்னிடம் சொன்னாள்.

இங்கேதான் எங்கள் ஊருக்கே உரிய மூளை வேலை செய்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் ரிக்கார ஊர். ரிக்காரர் ஒருவர் வாசலில் தார்ப்பாய் விரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போட்ட போருக்குள் மண் விழாமல் மூடி வைத்திருக்கிறார். போதாததற்கு, சுற்றிச் சுற்றி வந்ததில் கோலமாவு கரைந்து கரைந்து அந்த வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. கோலமாவு என்பது வெள்ளைக் கல்லை அரைத்த மாவு. புதுப் போரில் தண்ணீர் தட்டுப்பட்டதும் முதலில் மேலே வருவதும் பாறைமாவு கலந்த வெள்ளைத் தண்ணீர். எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் அது தெரியும்.

டயர்க்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். தார்ப்பாய். வெள்ளைத் தண்ணீர். நாள் முழுக்கத் தெளித்தும் எரிகிற பச்சை விளக்கு. அவர் முகத்தில் ஞானம் உதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"கம்ப்ரசரு போரு போட்டுப்போட்டாருங்க," என்றார் என்னிடம்.

"சத்தமே வரலையேங்க. ரிக் வந்தா வீதியே அதிருமே?"

"இப்பச் சின்ன மெசினு வந்துருச்சுங்க. பக்கத்துல கைக்குழந்தை தூங்கும். தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. அப்படி ஒரு மெசினே உலகத்தில் இல்லை என்பதால் யாருக்கும் தெரியாது. ஆனால் மாலைக்குள் வீதி முழுவதும் அந்த மெசினைப் பார்த்திருந்தது. நிறம்கூடச் சொன்னார்கள்.

நேரில் கேட்டார்கள். கம்ப்ரசர் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரிந்தால்தானே?

"போரும் இல்லீங்க, ஒரு மசுரும் இல்லீங்க! ஒரே வாளித் தண்ணிங்க! காலையில இருந்து அதேதானுங்க சுத்துது! அடியில வெறும் மண்ணுங்க!"

டயர்க்காரர் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "பாத்தீங்களா, எப்படிக் கத்தறாரு? நெசம் சொல்றவன் இப்படிக் கத்துவானா?"

புகார் ஆபீசுக்குப் போனது. சென்சார் அம்மணி வந்தாள். பாவாயக்கா உள்ளே இருந்த நேரத்தில் கம்ப்ரசரே ஒரு மூலையைப் பிடித்துத் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். மண் இருந்தது. ஒரு தேள் இருந்தது. வேறெதுவும் இல்லை. அம்மணி டிரம்மைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். அதற்குள் பாவாயக்கா வெளியே வந்துவிட்டார்.

"நீ யாரு கண்ணு? வண்டியில இருந்து சேதி எதாச்சும் கொண்டாந்தயா?"

அம்மணிக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்ரசர் அவளுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக் காட்டினார்.

"ஆமாங்க்கா," என்றாள் அம்மணி. "வந்துட்டே இருக்கறாங்களாம்."

அக்கா சிரித்துவிட்டு வாளியைத் தூக்கினார். அம்மணி ஹெல்மெட்டை அங்கேயே மாட்டிக்கொண்டாள். கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு வீதியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இங்க போரு இல்லீங்க. சென்சாரு சரியாத்தான் காட்டுது. தயவு செஞ்சு யாரும் இங்க புதுசா போரு போட்றாதீங்க. மொனையில இருக்கற போருல தண்ணி நெம்பக் கீழ போயிருச்சு. அதுக்கும் பங்கு வந்துட்டா அவ்வளவுதான்."

அவள் ஸ்கூட்டர் திரும்புவதற்குள் டயர்க்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "போடாதீங்கன்னு சொல்லுதுன்னா, கீழ இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்?"

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை. நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு டயர்க்காரரின் வாசலில் மெல்ல நடந்தார். கம்ப்ரசர் வீட்டு மதில் ஓரம் வந்ததும் தேங்காய் விசுக்கென்று எழுந்து நின்றது. நிற்கத்தான் செய்யும். வீதியே அந்த இடத்தைத்தான் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

உச்சி வெயிலில் ரிக் வந்தது. கூடவே கம்ப்ரசர் லாரியும். துளைக்கிற இரும்பு ராடு இறங்கியது. வெள்ளைத் தூசி ஊற்று மாதிரி கிளம்பி, ஓட்டுக் கூரை, துணிக்கொடி, வேப்ப மரம், நாய் என்று எல்லாவற்றையும் மூடியது. வீதிக்கு நரை விழுந்தது. எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. பேசுவது கேட்கவில்லை.

கம்ப்ரசருக்கு முழுசாகக் கேட்கிற சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான். வீட்டுக்குள் இருந்து வெளியே வந்தார். ரிக்கைப் பார்த்தார். கையை ஆட்டிக்கொண்டு தூசிக்குள் ஓடினார். கத்தினார். வாய் அசைவது தெரிந்தது, கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரையே அடக்கிய குரல் அது. அன்றைக்கு அது அந்த லாரிக்குக் கீழே நசுங்கியது. கீழே இருப்பதெல்லாம் ஒரே பாறை, அதில் ஒரே ஒரு வெடிப்புத்தான் ஓடுகிறது, வீதி முனைப் போருக்கும் அதுதான் வழி என்றுதான் கத்தினாராம். பின்னால் சொன்னார். பின்னால் கேட்டு என்ன?

டயர்க்காரர் அவர் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டார்.

ராடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. வெயில் மேற்கே சாய்ந்த நேரத்தில் தூசி நின்றது. குழாய் வாயில் ஈரம் தெரிந்தது. அடுத்த கணம் வெள்ளை வெளேரென்று தண்ணீர் பீறிட்டு மின்கம்பி உயரத்துக்கு எழும்பியது. வீதி ஓவென்று கூவியது. பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். டயர்க்காரர் சட்டையோடு அதன்கீழ் போய் நின்று, முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்தார்.

அப்போது சென்சார் அம்மணி வந்து சேர்ந்தாள். கூட்டத்தில் என்னைப் பார்த்து ஓடிவந்து போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். முனைப் போருக்குள் தொங்குகிற சென்சாரின் கோடு. அது இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் ஏற ஏற, அங்கே கோடு இறங்கியது. பீறிட்டது புதுத் தண்ணீர் இல்லை. நாங்கள் நாளைக்குக் குடிக்க வேண்டியது. அதில்தான் எல்லோரும் நனைந்து கூத்தாடிக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

கம்ப்ரசர் திரும்பி நடந்தார். தோள் தொங்கிப்போயிருந்தது. தலை, புருவம், மீசை, வேட்டி எல்லாம் பாறைமாவு அப்பி, வெள்ளைக் கல்லில் செதுக்கிய ஆள் மாதிரி இருந்தார். தன் வாசலுக்கு வந்தார்.

வாசலில் பாவாயக்கா நின்றுகொண்டிருந்தார். ரிக் சத்தம் அவரையும் வெளியே இழுத்து வந்திருந்தது. வண்டி வந்துவிட்டது. வீதியில் நிற்கிறது. தூசியில் இருந்து தலை முதல் கால்வரை வெளுத்த ஓர் ஆள் நடந்து வருகிறார். எத்தனையோ முறை, எத்தனையோ மாசம் கழித்து, அந்த வாசலுக்கு அப்படித்தானே வந்திருக்கிறார்?

பாவாயக்கா வாளியைக் கீழே வைத்தார். கிட்டே போனார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். அவர் பின்னாலேயே போயிருந்த எனக்கு, சத்தத்தில் கேட்காவிட்டாலும், அக்காவின் உதட்டசைவில் அது புரிந்தது.

"வந்துட்டீங்களா? ஏனுங் இப்படி எளச்சுப்போயிட்டீங்க?"

கம்ப்ரசர் குனிந்து அக்காவின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. ரிக் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. அவர் வாழ்க்கையில் எங்கள் வீதிக்குக் கேட்காமல் போன ரகசியம் அது ஒன்றுதான்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அன்றைக்குப் பிறகு பாவாயக்கா வாளியைத் தொடவில்லை. வரவேண்டியவர் வந்துவிட்டார், இனி எதற்கு வாசல்? அடுத்த நாளே அவர் முகம் மறுபடியும் மறந்துபோனது. ஆனால் வந்துவிட்டார் என்பது மட்டும் மறக்கவில்லை. "எங்கூட்டுக்காரரு உள்ள தூங்கறாருங்க, மெதுவாப் பேசுங்க," என்று கம்ப்ரசரையே அதட்டுவார். அவரும் வாயைப் பொத்திக்கொள்வார்.

டயர்க்காரர் மோட்டாரை இறக்கி ஓட்டினார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு சேறு வந்தது, பிறகு காற்று வந்தது. முனைப் போரின் சென்சார் தண்ணீரைத் தேடித் தேடி, கடைசியில் எதையும் காட்டாமல் நின்றுவிட்டது. அம்மணி வந்து ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எங்கள் பங்கு இன்னும் சுருங்கியது. பெட்டிகள் விடிந்ததும் மஞ்சளுக்குப் போயின.

அந்தக் கோடை முடிவதற்குள் பாவாயக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். கம்ப்ரசர் வீட்டில் ஒரு குடம்கூட முழுசாக இல்லை. அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பள்ளிபாளையம்வரை கேட்டிருக்கும். அன்றைக்கு அவருக்குக் குரலே எழும்பவில்லை. முதலில் வந்தது டயர்க்காரர். ததும்பத் ததும்ப ஒரு குடம். இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கப்பன் பங்குதானுங்க," என்றார். பின்னாலேயே ஒவ்வொரு வீடாக வந்தது. பொழுது ஏறும்போது வீதியைப் பார்த்தேன். இந்தச் சாரியிலும் அந்தச் சாரியிலும் அத்தனை பெட்டியும் சிவப்பு. யாரும் தலை குனிந்துகொள்ளவில்லை.

கம்ப்ரசரை எருமப்பட்டியில் இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரிலேயே குறைவாகத் தண்ணீர் செலவழிக்கும் முன்மாதிரி வீடு அது என்று பாராட்டி, கணினி தானாகவே அவர் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியதாம். அவர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். எருமப்பட்டியில் இருந்து அவர் பேசினால் போன் எதற்கு என்று தோன்றும். காதில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்பேன்.

எப்போது பேசினாலும் முதலில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்.

"வாசல் ஈரமா இருக்குதுங்களா?"

இப்போது வெளியூரில் இருப்பது அவர். முதல்முறை கேட்டதுமே, ஈரமாகத்தான் இருக்கிறதென்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு மாடியில் இருந்து எட்டிப் பார்த்தேன். கிழிந்த தார்ப்பாயும் பாறைமாவும் தூசியும் கிடந்தன. ஒரு செம்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மறுநாளும் இறங்கினேன். பழகிவிட்டது.

போன வாரம் சென்சார் அம்மணி கூப்பிட்டாள்.

"சார், உங்க லைனுல தெனமும் விடியால ஒரு செம்பு அளவுக்குத் தண்ணி தனியாப் போகுதுங்க. கசிவாட்ட இருக்குது. ஆளு அனுப்பட்டுங்களா?"

நான் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தேன். அவளே, "நேத்து அந்த வழியா வந்தனுங்க. கம்ப்ரசர் அய்யா ஊட்டு வாசலைப் பாத்தேன்," என்றாள். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "கசிவுன்னே போட்டுக்கறேன் சார்."

"போட்டுக்கங்க அம்மணி," என்றேன். "சின்னக் கசிவுதான். ஆளெல்லாம் வேண்டாமுங்க. அவரு வந்து பாக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."